தலையெண்ணி குறித்த விளக்கங்கள்

பெயர் எழுதாமல் இணையதளத்தின் கேள்விப் படிவத்தை அனுப்பவே முடியாது. பெயர் போடும் இடத்தை வெறுமனே விட்டால் சிவப்பில் ஒரு வரி வந்து மறித்துக்கொள்ளும். அப்படிச் செய்யச் சொன்னதே அவள்தான், ஏனென்றால் பெயர் போடாதவர்கள்தான் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதுவார்கள். இருந்தும் இந்தக் கேள்வி பெயரில்லாமல் வந்திருந்தது. ஒரு முறை என்றால் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பாள். இது ஏழாவது.

“எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் சுமக்கும் பெண் வீட்டில் தனியே இருக்கிறாள். உள்ளே இருப்பவர் ஒருவரா, இருவரா?”

வெளியே காலையிலிருந்தே மழை. பத்தரை மணிக்கே அலுவலகத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் மந்திரவாதியாகவும் வாள்வீரனாகவும் திருடனாகவும் தங்களைப் பாவித்துக்கொண்டு பகடை உருட்டி ஆடும் விளையாட்டு அது. விதிப்புத்தகம் மட்டும் நானூறு பக்கம். பேய் பிசாசுகளுக்கென்று இன்னொரு புத்தகம், முந்நூறு பக்கம். இவ்வளவும் அச்சாகி வெளியே போனால் சந்தேகம் வராமல் இருக்குமா? அந்தச் சந்தேகங்களுக்கு அதிகாரபூர்வமாகப் பதில் சொல்வதும், புத்தகத்தில் இருக்கும் தப்புகளுக்குத் திருத்தம் எழுதுவதும்தான் அவள் வேலை. எண் போட்டு இணையதளத்தில் அவள் ஏற்றிய நொடியிலிருந்து அது எல்லா மேசைகளிலும் செல்லும். அவள் சொன்னதுதான் சட்டம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு, பொய் சொல்வானேன்.

பெயரில்லாத அந்த ஆள் இதுவரை கேட்டதெல்லாம் ஒரே ஒரு பிசாசைப் பற்றித்தான். பிசாசுப் புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், மூலையில் கிடக்கும் தலையெண்ணி. பெரிய பல்லும் கிடையாது, நெருப்பும் கக்காது. ஒரு வீட்டுக்கு வெளியே நின்று, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கும். ஒருவர் மட்டும் இருந்தால் நுழையும். நுழைந்தபின் உள்ளே இருப்பவரின் இடத்தை எடுத்துக்கொள்ளும், அவராகவே ஆகிவிடும். அவ்வளவுதான். அதை வைத்து ஆடுகிறவர்களே அபூர்வம்.

நாலு மாதமாகத்தான் இந்தக் கேள்விகள். வாசற்படியில் நிற்பவர் உள்ளே இருப்பவரா? இல்லை. தூங்குபவரை எண்ணலாமா? எண்ணலாம். வீட்டில் பூனை இருந்தால்? பூனை ஆள் இல்லை. போனில் பேசுகிறவரின் குரல் வீட்டுக்குள் கேட்கிறதே, அவரும் உள்ளே இருப்பவரா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் எண் போட்டுப் பதில் ஏற்றினாள். அவளுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த மனிதர் தலையெண்ணியைப் பற்றி ஒரு கேள்விக்கும் வாயைத் திறந்ததில்லை. சரியான சோம்பேறி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

எட்டு மாதம் என்று படித்ததும் தங்கச்சி நினைப்பு வந்தது. தங்கச்சிக்கும் எட்டு மாதம்தான். அவள் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான், அடுத்த மாதம்தான் வருவான். அதுவரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. இதற்கு முன் இரண்டு தடவை மூன்றாம் மாதமே கலைந்துபோய், டாக்டர் முகத்தைப் பார்த்தாலே அழ ஆரம்பித்துவிடுகிற அளவுக்கு ஆகியிருந்தவள், இந்தத் தடவை எட்டு மாதம் தாண்டிவிட்டாள். காலையில் அக்காவை அனுப்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு” என்று அதையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ‘இருவர்’ என்று எழுதத்தான் கை போயிற்று. ஆனால் போன வருஷம் குணப்படுத்தும் மந்திரத்துக்கு எழுதிய விளக்கத்தில் கர்ப்பிணியை ஒருவராகத்தான் எண்ண வேண்டும் என்று சொல்லித் தொலைத்திருந்தாள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்றால் ஆடுகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதைப்போல இந்தத் தொழிலில் கேவலம் வேறில்லை.

“விளக்கம் நாற்பது: ஒருவர். பிறந்தவர்கள் மட்டுமே எண்ணப்படுவர்.”

பதினொரு மணிக்கு ஏற்றினாள். தேநீர் குடிக்கப் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சியைக் கூப்பிட்டாள். எப்போதும்போல எதிர்முனையில் டிவி சத்தம், மெல்லும் சத்தம்.

“சாப்பிட்டியாடி?”

“மூணாவது தடவை சாப்பிடுறேன். அக்கா, மாடி வீட்டுல ஏதாவது வேலை நடக்குதா?”

“மாடி வீடு பூட்டியில்ல கிடக்கு. ஏன்?”

“சுவத்துல தட்டுற சத்தம் கேக்குது. ரொம்ப நாளாவே கேக்குது, எலின்னு நினைச்சு உங்கிட்ட சொல்லல. நீ வீட்டுல இருந்தா டக் டக்னு ரெண்டு தட்டு. நீ ஆபீசுக்குக் கிளம்பினதும் ஒரு தட்டு, அப்புறம் கொஞ்சம் யோசிச்சு யோசிச்சு, மெதுவா இன்னொண்ணு. எனக்கே சிரிப்பா இருக்கும். எலிக்கு என்ன சந்தேகமோன்னு.”

“இப்பவும் கேக்குதா?”

“அதான் சொல்ல வரேன். பதினொரு மணி இருக்கும், அதுலேருந்து ஒரே ஒரு தட்டுதான். யோசிக்கிறதையே விட்டுடுச்சு.”

அவள் சிரித்தாள். தங்கச்சியும் சிரித்தாள். வைக்கும்போது தங்கச்சி, வீடெல்லாம் புதுசா வெள்ளையடிச்ச ஈர வாடை வருதுக்கா, மழைக்கு எங்கேயோ ஒழுகுதுபோல, என்றாள். போனை வைத்த பிறகு அவளால் அடுத்த வாய் சாப்பிட முடியவில்லை. அது வெறும் எலி, நாம் வெறும் விளையாட்டுக்கு விதி எழுதுகிறவள் என்று இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோற்றை மூடி வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு எட்டாவது வந்தது. பெயர் இல்லை. இந்த முறை கேள்வியும் இல்லை.

“நன்றி. இவ்வளவு நாளும் அது ஒன்றுதான் புரியாமல் இருந்தது. அவள் இடது கையை இடுப்பில் ஊன்றி நடக்கிறாள். உட்காரும்போது அம்மாடி என்கிறாள். ஒருவர் என்றால் சரி.”

மழைச் சத்தம், பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஒரே தாளத்தில் தாளைத் துப்பிக்கொண்டிருக்கும் சத்தம், மேலே விளக்குக்குழாயின் ரீங்காரம், எல்லாம் அப்படியே இருக்க, அவளுக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டதுபோல ஆகி, அந்த நாலு வரிகளின் மேல் கண் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் ‘அம்மாடி’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. தங்கச்சி அப்படித்தான் சொல்வாள். இடது கையைத்தான் ஊன்றுவாள்.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து பிசாசுப் புத்தகத்தின் பழைய பதிப்பை எடுத்தாள். ஏன் எடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தாள்.

நாலு மாதத்துக்கு முன் மறுபதிப்பு வேலை நடந்தது. பக்கம் அமைக்கிறவரை அலுவலகத்தில் எல்லோரும் ‘கட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கொடுத்தாலும் ‘கட்டத்துல அடங்கலையே’ என்பார், அதனால். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மறுபதிப்பில் ஒரு பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் அதே பக்கத்தில் ஒரு வரியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் அது அடுத்த பக்கத்தைத் தள்ளும், அது அதற்கடுத்ததைத் தள்ளும், முந்நூறு பக்கமும் நாறிப்போகும். தலையெண்ணி நுழைந்த பிறகு வீட்டுக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தால் என்ன கதி என்று எங்கேயோ சண்டை வந்து, அதற்காக அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘நுழைந்தபின், உள்ளே இருப்பவர்களாக எண்ணப்படுவோரில் எவருடைய இடத்தையும் அது எடுத்துக்கொள்ளலாம்.’

“ஒரு வரி கூடுது மேடம்,” என்றார் கட்டம்.

“கடைசி வரியைத் தூக்கிடுங்க. அது விதியே இல்லை. சும்மா பயமுறுத்தப் போட்டிருக்காங்க.”

தூக்கிவிட்டார்.

பழைய பதிப்பில் அந்த வரி இருந்தது. அதற்கு முந்தைய பதிப்பிலும் இருந்தது. அவள் தூக்கச் சொல்லும்வரை எல்லாப் பதிப்பிலும் இருந்திருக்கிறது.

‘அது கேட்கும் எதற்கும் பதில் சொல்லாதே.’

ஏழு கேள்வி. ஏழு பதில். ஒவ்வொன்றாக உட்கார்ந்து, யோசித்து, எண் போட்டு, தானே கொடுத்திருக்கிறாள். போனை எடுத்தாள். நாலு தடவை அடித்து, ஐந்தாவதில் தங்கச்சி எடுத்தாள்.

“உடனே வீட்டை விட்டு வெளிய வா.”

“என்னக்கா?”

“கேள்வி கேக்காதே. பக்கத்து வீட்டம்மாகிட்ட போய் உட்காரு. இல்லன்னா அவங்களை நம்ம வீட்டுக்குக் கூப்பிடு. யாராவது ஒருத்தர் உன்கூட இருக்கணும்.”

“அவங்கதான் காலையிலேயே பூட்டிட்டுப் போயிட்டாங்களே. மழை வேற கொட்டுது. எதுக்கு இப்படிப் பதறுற, எனக்குப் பயமா இருக்கு.” பிறகு குரல் திரும்பியது, போனிலிருந்து வேறு பக்கமாக. “அக்கா, நீ வந்துட்டியா?”

“நான் ஆபீஸ்லதான்டி இருக்கேன்.”

“இல்ல, உள் ரூம்ல கட்டில் கிரீச்சுனுச்சு. யாரோ உட்கார்ந்த மாதிரி.”

“வாசலுக்குப் போ. போனை வைக்காதே. வாசலுக்குப் போ.”

செருப்பில்லாத கால் தரையில் ஒட்டி ஒட்டி எடுபடும் சத்தம். மூச்சு. அம்மாடி என்ற முனகல். பிறகு ஒரு கதவு. எந்தக் கதவு என்று தெரியவில்லை. திறந்ததா மூடியதா, அதுவும் தெரியவில்லை.

போன் செத்துவிட்டது.

திரும்ப அடித்தாள். மணி போகவில்லை. இன்னொரு தடவை. போகவில்லை.

வீட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆகும். அரை மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகும். ஆனால் அவள் கையில் ஒன்று இருந்தது. அவள் சொன்னதுதான் சட்டம். ஒருவர் என்று சொன்னதும் அவள், இருவர் என்று சொல்லக்கூடியவளும் அவள். முரண்பாடு, குணப்படுத்தும் மந்திரம், எந்த மண்ணாங்கட்டியும் அவளுக்கு இப்போது ஞாபகம் இல்லை. உட்கார்ந்தாள். விரல் எழுத்துகளைத் தவறவிட்டது. அழித்தாள். மறுபடி அடித்தாள்.

“திருத்தம் நாற்பத்தொன்று: வயிற்றில் இருக்கும் பிள்ளையும் உள்ளே இருப்பவராக எண்ணப்படும். விளக்கம் நாற்பது ரத்து.”

ஏற்றினாள். ஏறியது.

கையை எடுப்பதற்குள் பதில் வந்தது. ஒரே வார்த்தை.

“நன்றி.”

கட்டம் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன மேடம், முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?”

“தங்கச்சி தனியா இருக்கா. போன் எடுக்க மாட்டேங்குறா.”

அவருக்கு இரண்டு பிள்ளைகள். பிரசவ வலி என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கேட்காமல் கார் சாவியை எடுத்தார்.

கண்ணாடியில் மழைத் துடைப்பான் அப்படியும் இப்படியும் ஆடியது. முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் நீரில் கரைந்து வழிந்தன. அவள் மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவர் என்று ஆகிவிட்டது, இனி அது நுழைய முடியாது, நுழைய முடியாது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். அவளைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கட்டம் வேலைப் பேச்சை எடுத்தார்.

“இன்னிக்கு அந்தத் தலையெண்ணியை வெச்சு நல்லா விளையாடிட்டீங்க. காலையில ஒருத்தர்ங்குறீங்க, சாயங்காலம் ரெண்டு பேர்ங்குறீங்க. நாளைக்கு உங்களைக் கிழிக்கப் போறாங்க பாருங்க.”

அவள் மறுபடியும் தங்கச்சி எண்ணை அடித்துப் பார்த்தாள்.

“நடுவுல நாலு மணி நேரம் ஒருத்தர்தானே? அந்த நேரத்துல எவனாவது ஆடியிருந்தா அது வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்குமே. இப்ப ரெண்டு பேர்னு ஆயிட்டா, அது வெளிய போகணுமா?” ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஒடித்துவிட்டு, தானே பதிலும் சொன்னார். “போக வேண்டாம்ல. நீங்கதான் முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கீங்க. திருத்தம் இனிமேல் நடக்கிறதுக்குத்தான், ஆனது ஆனதுதான்னு. அப்படிப் பாத்தா அதுக்கு இப்ப கொண்டாட்டம். முன்னாடி அந்தப் பொண்ணு மட்டும்தான் இருந்தா. இப்ப ரெண்டுல எதை வேணாலும் எடுத்துக்கலாம். ரெண்டாவதையும் கணக்குல சேர்த்ததே நீங்கதானே.”

“வேகமாப் போங்க,” என்றாள். அது தன் குரல்போலவே அவளுக்குக் கேட்கவில்லை.

“போறேன் மேடம், மழை…”

“வேகமாப் போங்க.”

வீட்டுப் படியை இரண்டிரண்டாக ஏறினாள். கட்டம் கீழே வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கை அடைத்தது.

“என்னக்கா இவ்வளவு சீக்கிரம்?”

தங்கச்சி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது. கன்னத்தில் தலையணைக் கோடு.

“போன் என்னடி ஆச்சு?”

“சார்ஜ் தீர்ந்துடுச்சு. நீ பயமுறுத்தினதுல வாசல் வரைக்கும் போனேன், அங்கேயே தலை சுத்திடுச்சு. கொஞ்சம் படுக்கலாம்னு வந்தேன், எப்படித் தூங்கினேன்னே தெரியல.”

அவள் உள் அறைக்குப் போனாள். கட்டில் விரிப்பில் யாரோ உட்கார்ந்த தடம். விரிப்பைத் தூக்கி அடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். குளியலறை. அடுக்களை. கதவுகளின் பின்பக்கம். யாரும் இல்லை. எதுவும் இல்லை. வாடை மட்டும், அறைகளிலெல்லாம் லேசாக, கூடத்துக்குத் திரும்பியதும் கெட்டியாக.

சோபாவுக்கு எதிரில் நின்று தங்கச்சியையே பார்த்தாள்.

“எட்டாங்கிளாஸ்ல நான் பெயிலானதை அப்பாகிட்ட யார் போட்டுக்கொடுத்தா?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லு.”

“நான்தான். அதுக்கு நீ என் ஜடையில பாதியை வெட்டின. இன்னும் மனசுல வெச்சிருக்கியா, ராட்சசி?” தங்கச்சி சிரித்தாள். அவளுடைய சிரிப்பு. மேல் பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அதே சிரிப்பு.

இவள் தங்கச்சிதான். சந்தேகமே இல்லை. அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, தோளில் முகம் புதைத்து, கொஞ்ச நேரம் அப்படியே அழுதாள். தங்கச்சி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“சுவத்துல சத்தம்?” என்று தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

“நின்னுடுச்சு. நான் எழுந்ததுலேருந்து இல்ல.”

அழுகை நின்றது. தங்கச்சி தங்கச்சிதான். அறைகளில் யாரும் இல்லை. வெளியே போக வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

அப்படியானால்.

வாடை தோளிலிருந்து வரவில்லை. தலைமுடியிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது.

“அக்கா, இன்னிக்கு இது ரொம்ப நல்லா அசையுது தெரியுமா,” என்றாள் தங்கச்சி. முகமெல்லாம் பூரிப்பு. “இவ்வளவு நாளா எங்கேயோ ஒரு மூலையில சுருண்டு கிடக்கும். இப்ப என்னமோ திடீர்னு வளந்துட்ட மாதிரி. கையைக் கொடு.”

“வேண்டாம்.”

“கொடுன்னா.”

மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள். தோல் சூடாக இருந்தது. அடியில் ஒன்றுமில்லை. அசைவே இல்லை.

பிறகு அசைந்தது.

மெதுவாக. தேடுவதுபோல. தொப்புளுக்கு மேலே ஒரு முட்டு. பக்கத்தில் இன்னொன்று. துணி இறுகியது. மூன்று. நாலு. கட்டைவிரல்.

“பாத்தியா,” என்றாள் தங்கச்சி கிசுகிசுப்பாக, “பெரியம்மாவை அதுக்குத் தெரியுது.”

உள்ளிருந்து அது தன் உள்ளங்கையை அவள் உள்ளங்கையோடு வைத்து, விரலுக்கு விரல் பொருத்திக்கொண்டது. ஒவ்வொரு விரலும் அவள் விரலைத் தாண்டி நீண்டிருந்தது.